அம்மா பார்த்தால் பணம் இல்லை, அடுத்த தெரு அக்கா பார்த்தால் உண்டா?

கேள்வி: இங்கிலாந்தின் ரெடிங்கிலிருந்து ஒரு வாசகர், 2 மார்ச் 2025

பையனுக்கு ஜூனில் ஒன்பது மாதம் முடிகிறது. வேலைக்குப் போகிற பெற்றோரின் பிள்ளைகளை செப்டம்பரிலிருந்து வாரம் 30 மணி நேரம் அரசு செலவில் பார்த்துக்கொள்வார்கள் என்கிறார்கள். நர்சரிகளில் எல்லாம் வெயிட்டிங் லிஸ்ட். கவுன்சில் கொடுத்த பட்டியலில் சைல்ட்மைண்டர்கள்தான் அதிகம், அதாவது பதிவு செய்துகொண்டு தங்கள் வீட்டில் வைத்துப் பிள்ளை பார்க்கிறவர்கள். வீட்டில் உட்கார்ந்து பிள்ளை பார்ப்பதற்கு அரசு பணம் கொடுக்கும் என்றால், கோயம்புத்தூரிலிருந்து என் அம்மாவை வரவழைத்துப் பதிவு செய்து அவருக்கே வாங்கிக் கொடுத்துவிடலாமே? நர்சரி என்றால் டீச்சர் இருக்கிறார், பாடத்திட்டம் இருக்கிறது. சைல்ட்மைண்டர் என்பது நர்சரி கிடைக்காதவர்கள் போகிற இடம்தானே?

2 மார்ச் 2025, இரவு

இரண்டு கேள்வியை ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள் தம்பி. அம்மா விஷயம் சுருக்கமானது, அதை முதலில் முடிக்கிறேன். நானே கிழக்கு லண்டனில் வீட்டில் வைத்துப் பிள்ளை பார்க்கிறவள். என் பேச்சு எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்துகொண்டே படியுங்கள்.

அம்மாவுக்குக் கிடைக்காது. இங்கிலாந்தின் 2006-ம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்புச் சட்டம், பெற்றோரும் நெருங்கிய சொந்தமும் பார்ப்பதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. தாத்தா பாட்டி, அத்தை மாமா, சித்தி சித்தப்பா, அண்ணன் அக்கா, கல்யாண வழியில் அந்த முறை வருகிறவர்கள், எல்லாரும் அந்த வேலிக்குள். ஒரு பாட்டி முறையாகப் பதிவு பெற்ற சைல்ட்மைண்டராகவே இருந்தாலும் சொந்தப் பேரனுக்கு இந்த மணி நேரத்தைக் கோர முடியாது.

அது போக, உங்கள் அம்மா விசிட்டர் விசாவில் வருவார். ஒரு தடவைக்கு ஆறு மாதம், வேலை செய்யக் கூடாது. பேரனைப் பார்த்துக்கொள்வதை உள்துறை தடுப்பதில்லை. ஆனால் அது குறுகிய வருகையாக இருக்க வேண்டும், பிள்ளை பார்க்க வேலைக்கு வைத்தது போல ஆகிவிடக் கூடாது. அம்மா ஆறு மாதம், மாமியார் ஆறு மாதம் என்று ஷிஃப்ட் போட்டு ஓட்டுகிற வீடுகள் இங்கே எத்தனையோ. ஓடுகிற வரை ஓடும்.

இரண்டாவது கேள்விக்கு நாளை வருகிறேன். காலை ஏழே காலுக்கு முதல் பிள்ளை வந்துவிடும்.

3 மார்ச் 2025

நர்சரிக்கு உள்ள அதே ஆரம்பப் பருவச் சட்டகம்தான் எனக்கும், அதாவது சின்னப் பிள்ளைகளின் கற்றலுக்கும் பாதுகாப்புக்குமான அரசு விதித்தொகுப்பு. நாங்கள் ஈ.ஒய்.எஃப்.எஸ். என்போம். 2008-ல் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜனவரியிலிருந்து சைல்ட்மைண்டர்களுக்கென்று தனிப் பதிப்பு இருக்கிறது, உள்ளடக்கம் பெரும்பாலும் ஒன்றே. நர்சரியைச் சோதிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்தான் என்னையும் சோதிக்கிறது. ஏஜென்சி மூலம் பதிந்தவர்களை மட்டும் அந்த ஏஜென்சி பார்த்துக்கொள்ளும், ஏஜென்சியை ஆஃப்ஸ்டெட் பார்க்கும். 2014 சட்டத்தில் வந்த ஏற்பாடு அது.

பதிவதற்கு முன் பயிற்சி, 12 மணி நேரக் குழந்தைகள் முதலுதவி வகுப்பு (மூன்று வருடத்துக்கு ஒரு முறை திரும்ப), உடல்நிலை அறிக்கை, வீட்டுச் சோதனை. வீட்டில் 16 வயது ஆன எல்லாருக்கும் போலீஸ் பின்னணிச் சோதனை. என் மகனுக்குப் பதினாறு ஆனதும் ஃபாரம் வந்தது. "உன் தொழிலுக்கு நான் ஏன் நல்லவன்னு நிரூபிக்கணும்" என்று ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

தலை எண்ணிக்கை: எட்டு வயதுக்குக் கீழே ஆறு பேர் வரை பார்க்கலாம். அதில் ஐந்து வயதுக்குக் கீழே மூன்று பேர்தான். அந்த மூன்றில் ஒரு வயது ஆகாதது ஒன்றுதான். சொந்தப் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் அடங்கும். உடன்பிறப்புகளுக்கு, ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு என்று சில விலக்கு உண்டு. நர்சரியில் இரண்டு வயதுக்காரர்கள் ஐந்து பேருக்கு ஒரு ஆள். 2023 செப்டம்பருக்கு முன் நாலு பேருக்கு ஒருவர் என்று இருந்ததைத் தளர்த்தினார்கள். மூன்று வயதுக்கு மேல் எட்டுப் பேருக்கு ஒருவர், பட்டதாரி இருந்தால் பதின்மூன்று வரை போகலாம். மூன்று வயதானதும் உங்கள் பையன் மூன்றில் ஒருத்தனாக இருக்கப்போகிறானா, பதின்மூன்றில் ஒருத்தனாகவா என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

பாடத்திட்டம் என்றீர்கள். போன முறை ஆஃப்ஸ்டெட் அம்மா வந்தபோது கம்பளத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று வயதுக்காரி ஒருத்தி பிளாஸ்டிக் கோப்பையில் டீ கொடுத்து, சர்க்கரை எவ்வளவு என்று கேட்டு, சொன்ன எண்ணிக்கைக்கு மேலேயே போட்டாள். அந்த அம்மா என் ஃபைலைத் தொடவில்லை. "இவளுக்கு இப்போது எதைக் கற்றுக்கொடுக்கிறீர்கள், ஏன் அதை?" என்று ஒரே கேள்வி. நான் பல்லாங்குழியைக் காட்டினேன். சோழி வைப்பதில்லை, வாய்க்குள் போகாத பெரிய கோட்டுப் பொத்தான்கள். அதுவும் கைக்குழந்தை தூங்கும் நேரத்தில் மட்டும்தான் அலமாரி மேல்தட்டிலிருந்து இறங்கும். குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு போகும்போது எண்ணிக்கை தானாக வருகிறது. பொத்தான் தீர்ந்த இடத்தில் "இன்னும் வேணும்" என்கிறாள். அந்த அம்மா அதைத்தான் எழுதிக்கொண்டார்.

4 மார்ச் 2025

"வீட்டில் என்றால் டிவியைப் போட்டுவிட்டுச் சமையல் செய்வார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நர்சரியிலும் டேப்லெட் இருக்கிறது. போய்ப் பாருங்கள் என்பதுதான் பதில், எப்போது போக வேண்டும் என்பதை அப்புறம் எழுதுகிறேன்.

9 மார்ச் 2025

தம்பி கேட்காத ஒன்றைச் சொல்லப்போகிறேன். எங்களில் சிலர் "அரசு மணி நேரம் எடுப்பதில்லை" அல்லது "ஒரு பிள்ளைக்கு மட்டும்தான்" என்று சொல்வதைப் பார்த்து ஆட்கள் கோபப்படுகிறார்கள். ஏன் என்று விளங்க, மூன்று இடக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

எனக்கு விற்க இருப்பது மூன்று இடம். ஒவ்வொரு இடமும் பொதுவாகக் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை, வாரம் ஐம்பது மணி நேரம். அரசின் 30 மணி நேரம் என்பது வருடத்துக்கு 38 வாரம், பள்ளி நாட்களை ஒட்டி. மொத்தம் 1,140 மணி. ஒரு அம்மா வந்து "தினமும் ஒன்பதிலிருந்து மூன்று, பள்ளி நாள் மட்டும், அரசு மணி நேரம் போதும்" என்கிறார். முப்பது சரியாக வந்துவிட்டது. எட்டிலிருந்து ஒன்பது, மூன்றிலிருந்து ஆறு, அந்த இடம் காலி. அந்தத் துண்டு நேரத்துக்கு மட்டும் வருகிற இன்னொரு இரண்டு வயதுப் பிள்ளை உலகத்தில் கிடையாது. விடுமுறை வாரங்களும் காலி. அறுபது பிள்ளை உள்ள நர்சரியில் இப்படிப்பட்ட ஓட்டைகள் ஒன்றை ஒன்று அடைத்துக்கொள்ளும். என்னிடம் ஒரு ஓட்டை விழுந்தால் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கில் விழுகிறது.

அதனால் நான் செய்வது: 1,140 மணியை வருடம் முழுக்கப் பரப்பித் தருகிறேன். வாரத்துக்குச் சுமார் 22 மணி வரும். அல்லது முழு நாளாகத் தருகிறேன். அரசுக் கணக்கில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் வரை எடுக்கலாம், காலை ஆறுக்கு முன்னும் இரவு எட்டுக்குப் பின்னும் கிடையாது. எந்த நாள், எந்த நேரம் தருவேன் என்பதை நான் முடிவு செய்யலாம். கூடுதல் மணி நேரத்தைக் காசு கொடுத்து வாங்கினால்தான் இடம் என்று மட்டும் சொல்லக் கூடாது.

சாப்பாடு, டயப்பர், சன் க்ரீம் இவற்றுக்குப் பணம் கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதல் இதை இன்னும் இறுக்கியிருக்கிறது. எது எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும். வேண்டாம் என்றால் வீட்டிலிருந்து டப்பா கொடுத்துவிடலாம். இது சரியான விதிதான், எனக்கு அதில் வருத்தமில்லை. மொத்தமாக "இதரக் கட்டணம்" என்று ஒரு வரி போட்டுப் பெற்றோரிடம் வாங்கியவர்களை எனக்கும் தெரியும். என் வீட்டில் ஒரு பையன் டப்பாவில் பாஸ்தா கொண்டுவருகிறான், மற்றவர்கள் தட்டில் பருப்புச் சோறு. பாதி நாள் அவன் பருப்புச் சோறும் நான் பாஸ்தாவும்.

10 மார்ச் 2025

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். புலம்பல் போல இருக்கிறது. இந்தத் திட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. சம்பளத்தில் பாதியை நர்சரிக்குக் கட்டிவிட்டு வேலைக்குப் போன பெண்களை வருடக் கணக்காக வாசலில் பார்த்தவள் நான். 2023 மார்ச் பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ஜெரமி ஹண்ட் இதை அறிவித்தபோது என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு அம்மா வாசலிலேயே அழுதுவிட்டார். 2024 ஏப்ரலில் இரண்டு வயதுக்காரர்களுக்கு 15 மணி, அந்த செப்டம்பரில் ஒன்பது மாதத்திலிருந்து 15 மணி, இந்த செப்டம்பரில் ஒன்பது மாதத்திலிருந்தே 30 என்று படிப்படியாக வருகிறது. என் குறை ஒன்றே: பெரிய கட்டடத்தை மனதில் வைத்து விதி எழுதிவிட்டு, மூன்று பிள்ளை உள்ள வீட்டுக்கும் அதையே மாட்டுகிறார்கள்.

11 மார்ச் 2025

சொந்தக்காரர் விதி பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒன்றுவிட்ட அக்கா மகன் சட்டப்படி சொந்தமில்லை, பார்க்கலாம், பணம் உண்டு. கூடப் பிறந்த அண்ணன் மகளுக்கு இல்லை. என் அண்ணன் மகளை நான் எடுத்தால் என் மூன்று இடத்தில் ஒன்று போகும், கவுன்சில் பைசா தராது. ஆகவே அவள் இரண்டு தெரு தள்ளி இன்னொரு சைல்ட்மைண்டரிடம் போகிறாள். அந்த அம்மாவின் பேத்தி யாரிடம் வருகிறாள் என்று நினைக்கிறீர்கள்? என்னிடம்தான். இரண்டு பேருக்கும் பணம் வருகிறது, இரண்டு குழந்தையும் சொந்த அத்தை, சொந்தப் பாட்டி வீட்டு வாசலைக் கடந்து போகின்றன. சட்டம் திருப்தியாக இருக்கிறது.

பாட்டிகளுக்கு ஒரு ஆறுதல், பல பேருக்குத் தெரிவதில்லை. இங்கே நிரந்தரமாக இருக்கிற, அரசு ஓய்வூதிய வயதை எட்டாத தாத்தா பாட்டி 12 வயதுக்குக் கீழ் உள்ள பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டால், அவர்கள் பென்ஷன் கணக்கில் தேசியக் காப்பீட்டு வரவு சேர்த்துக்கொள்ளலாம். 2011 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. சைல்ட் பெனிஃபிட் என்ற பிள்ளை உதவித்தொகை யார் பெயரில் இருக்கிறதோ அந்த அம்மாவோ அப்பாவோ வேலையில் இருந்தால் அவருக்கு அந்த வரவு தேவைப்படாது, அதைப் பாட்டிக்கு மாற்றிவிடலாம். கையில் காசு வராது, ஆனால் அறுபது வயதில் வேலையை விட்டுவிட்டுப் பேரனைப் பார்க்கிற ஆச்சிக்கு அந்த வருடங்கள் வீணாகாது. ஃபாரம் உண்டு, நிரப்பிக் கொடுங்கள்.

16 மார்ச் 2025

"நர்சரி கிடைக்காதவர்கள் போகிற இடம்" என்று நீங்கள் சொன்னது இன்னும் உறுத்துகிறது தம்பி. அதற்கு ஒரே ஆளைக் காட்டுகிறேன்.

என்னிடம் வருகிற பிள்ளைகளில் ஒருத்தியின் அம்மா நர்ஸ். வாரத்துக்கு மூன்று நீண்ட ஷிஃப்ட், ஏழரைக்கு வார்டில் நிற்க வேண்டும், மாலை எட்டுக்குத்தான் கை மாற்றுவார்கள். எந்தெந்த மூன்று நாள் என்பது ரோஸ்டர் வந்தால்தான் தெரியும். அப்பா பஸ் ஓட்டுகிறார், அவருக்கும் ஷிஃப்ட். எட்டு மணிக்குத் திறந்து ஆறு மணிக்குப் பூட்டுகிற நர்சரிக்கு இந்தக் குடும்பத்தால் ஒன்றும் செய்ய முடியாது, நர்சரியாலும் இவர்களுக்கு ஒன்றும் செய்ய முடியாது. காலையில் அந்த அம்மா யூனிஃபார்மின் மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, தூங்குகிற பிள்ளையைப் போர்வையோடு என் கையில் மாற்றிவிட்டு, "ராத்திரி இருமினா அக்கா, கொஞ்சம் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே ஓடுவார். காலணி, தலைவாரல், பால் எல்லாம் இங்கேதான். இப்போது அவளுக்கு 15 மணி நேரம். செப்டம்பரில் 30 ஆகும்போது பத்து மணி வீதம் மூன்று நாளை அரசு பார்த்துக்கொள்ளும், மிச்சத்தை அவர்கள் கட்டினால் போதும். பள்ளி வாரங்களில் அவர்களுக்குப் பெரிய சுமை இறங்கும்.

ஆஸ்பத்திரி ஓட, ஏர்போர்ட் ஓட, கிடங்குகள் ஓட இப்படிப்பட்ட அம்மாக்கள் வேண்டும். அவர்கள் பிள்ளைகளை ஆறரைக்கு வாங்கிக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்பதை அமைச்சர்கள் யோசிக்கிற மாதிரித் தெரியவில்லை. போன வருடத் தேர்தலில் லேபர் கட்சி பள்ளிக்கூடங்களில் 3,000 நர்சரி என்று வாக்குறுதி தந்தது. நல்லது. பள்ளிக்கூடம் ஆறரைக்குத் திறக்காது.

2 ஏப்ரல் 2025

புது வருட விலை வந்தாச்சு. 2025-26-க்கு அரசு கவுன்சில்களுக்குத் தரும் தேசியச் சராசரி: இரண்டு வயதுக்குக் கீழ் மணிக்கு 11.54 பவுண்டு, இரண்டு வயதுக்கு 8.53, மூன்று நாலு வயதுக்கு 6.12. ஊருக்கு ஊர் மாறும். இதில் 96 சதவீதத்தையாவது கவுன்சில் எங்களுக்குத் தள்ள வேண்டும்.

இந்த மூன்று எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நர்சரியில் கைக்குழந்தைக்கு ஆள் அதிகம் வேண்டும், வளர வளரக் குறையும், அதனால் விலையும் இறங்குகிறது. எனக்கு? பிள்ளைக்கு மூன்று வயதானதும் என் இடம் பெரிதாகிவிடாது. அதே மூன்று பேர்தான், ஐந்து வயது வரை. ஆனால் மூன்றாவது பிறந்தநாள் கழிந்த அடுத்த டேர்ம் என் சம்பளம் குறைகிறது. கைக்குழந்தைக்குக் கிடைப்பது என் வழக்கமான கட்டணத்தைவிட அதிகம், மூன்று வயதுக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. கேக் வெட்டும்போது கை தட்டிக்கொண்டே மனசுக்குள் கழித்தல் கணக்குப் போடுகிறேன்.

விளைவைச் சொல்லாமலே புரிந்திருக்கும். சைல்ட்மைண்டர்கள் குட்டிப் பிள்ளைகளைத் தேடுகிறார்கள், மூன்று வயதானதும் பள்ளி நர்சரிக்கு மாற்றிவிடலாமே என்று மெல்லப் பேச்சை எடுக்கிறார்கள். நான் இதுவரை யாரையும் அனுப்பவில்லை. அனுப்புகிறவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன்.

20 ஏப்ரல் 2025

ஸ்லவ்விலிருந்து ஒருவர்: "கணவன் மனைவி இருவரும் ஸ்கில்டு வொர்க்கர் விசா, இருவரும் வரி கட்டுகிறோம், 30 மணி நேரம் உண்டா?" இருவருக்குமே பப்ளிக் ஃபண்ட்ஸ், அதாவது அரசு உதவிப் பணம், கிடையாது என்ற நிபந்தனை விசாவில் இருந்தால் இல்லை. ஒருவருக்காவது அந்தத் தடை இல்லாமல் இருக்க வேண்டும், உதாரணத்துக்கு நிரந்தர வசிப்போ குடியுரிமையோ இருந்தால். மூன்று நாலு வயதில் வரும் பொதுவான 15 மணி நேரத்துக்கு விசா கேட்க மாட்டார்கள், அது எல்லாப் பிள்ளைக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் அந்தப் பதினைந்தையும் விட்டுவிட்ட இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும். சைல்ட்மைண்டரிடமும் அதை எடுக்கலாம்.

வருமானம்: பெற்றோர் இருவரும் தனித்தனியே வாரம் 16 மணி நேரக் குறைந்தபட்சக் கூலிக்குச் சமமாகவாவது சம்பாதிக்க வேண்டும், ஒருவரும் வருடம் ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டக் கூடாது. இருவரும் தொண்ணூற்றொன்பதாயிரம் வாங்கினால் உண்டு, ஒருவர் மட்டும் ஒரு லட்சத்து ஆயிரம் வாங்கினால் இல்லை. இதை வைத்து என்னிடம் சண்டைக்கு வராதீர்கள், நான் அந்தப் பக்கமே போனதில்லை.

கிளாஸ்கோ வாசகருக்கு: உங்கள் ஊர்க் கதை வேறு. ஸ்காட்லாந்தில் 2021 ஆகஸ்டிலிருந்து மூன்று நாலு வயதுப் பிள்ளைகள் எல்லாருக்கும் 1,140 மணி, அம்மா அப்பா வேலையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. இங்கே நான் எழுதுவதெல்லாம் இங்கிலாந்துக்கு.

18 மே 2025

என் தோழி ஒருத்தி பதிவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நல்ல கை அவளுக்கு, குழந்தைகள் அவள் மேல் ஏறிக்கொண்டே இருக்கும். இப்போது ஒரு பள்ளியில் உதவி ஆசிரியை. சம்பளத்தோடு லீவு, பென்ஷன், மூன்றரைக்கு வீடு. அவள் மட்டுமில்லை. இங்கிலாந்தில் சைல்ட்மைண்டர் எண்ணிக்கை பத்துப் பன்னிரண்டு வருடத்தில் பாதிக்கும் கீழே போய்விட்டது. அரசுக்கு இடம் அதிகம் தேவைப்படுகிற அதே வருடங்களில்.

2023-ல் ஊக்கத்தொகை அறிவித்தார்கள். புதிதாக ஆஃப்ஸ்டெட்டில் பதிந்தால் 600 பவுண்டு, ஏஜென்சி வழியாகப் பதிந்தால் 1,200. இருக்கிறவர்கள் ஏன் போகிறார்கள் என்று கேட்பதற்குத் தொகை எதுவும் ஒதுக்கவில்லை. கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். கவுன்சில் பணம் மாதாமாதம் வர வேண்டும் என்று வழிகாட்டுதல் சொல்கிறது. நடைமுறையில் ஒரு முறை எனக்கு ஒரு டேர்மின் பெரும்பகுதி தாமதமாக வந்தது. போர்ட்டலில் "பரிசீலனையில்" என்றே இருந்தது. நர்சரிக்கு வங்கியில் கடன் வசதி இருக்கும். என்னிடம் இருந்தது பீரோவில் ஒரு சீட்டுப் பணம்.

வாடகை வீடு இன்னொரு தடை. வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும், பல பேர் தருவதில்லை. 2024 நவம்பரிலிருந்து வீடல்லாத இடத்திலேயே, சமுதாயக் கூடம் மாதிரி, முழுக்க முழுக்க நடத்தலாம் என்று விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள், நாலு பேர் வரை சேர்ந்தும் செய்யலாம். இது நிஜமாகவே உதவும்.

பக்கத்துத் தெரு யாழ்ப்பாணத்து அக்கா 90-களில் பதிந்தவர். அப்போது கவுன்சில் ஆள்தான் வந்து பார்ப்பாராம், தேநீர் குடித்துவிட்டு அடுப்புக்கு வேலி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவாராம். 2001-ல்தான் ஆஃப்ஸ்டெட் கைக்கு வந்தது. பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டமோ 1948-லிருந்தே இருக்கிறது. போர் முடிந்து பெண்கள் ஆலை வேலையில் இருந்த காலம்.

19 மே 2025

"நானும் என் சிநேகிதியும் மாறி மாறிப் பிள்ளை பார்க்கிறோம், பதிய வேண்டுமா?" வேண்டாம். ஆனால் இந்த "வேண்டாம்" சும்மா வரவில்லை. 2009-ல் ஒரே ஸ்டேஷனில் வேலை பார்த்த இரண்டு பெண் போலீஸ்காரர்கள் இப்படி மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவருக்கொருவர் பிரதிபலன் மாதிரி ஆகிறது, அதனால் பதிவு இல்லாத சைல்ட்மைண்டிங் என்று ஆஃப்ஸ்டெட் சொல்லிவிட்டது. நாடே சிரித்தது, அப்புறம் விதியை மாற்றினார்கள். காசு வாங்கிக்கொண்டு எட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பார்த்தால் மட்டும் பதிவு கட்டாயம். கோயிலில் அறிமுகமான மாமியிடம் காசு கொடுத்து விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். மாட்டிக்கொண்டால் சிக்கல் மாமிக்குத்தான்.

பிரான்ஸிலிருந்து எழுதிய புதுச்சேரி அம்மாவுக்கு நன்றி. அங்கே "அசிஸ்தாந்த் மத்தெர்னெல்" என்று பெயராம். 120 மணி நேரப் பயிற்சி, நாலு பிள்ளை வரை. மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு நீண்ட காலம் அங்கே கிரெஷை விட இவர்கள்தான் முதல் வழி. பெற்றோரே முதலாளி, உதவித்தொகை பெற்றோருக்குப் போகிறது, அவர்கள் இவருக்குச் சம்பளச் சீட்டு தருகிறார்கள். சம்பளச் சீட்டு! எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

6 ஜூலை 2025

ரெடிங் தம்பி திரும்பி வந்திருக்கிறார். அம்மா வந்து போய்விட்டார்களாம், மனைவி வேலைக்குத் திரும்ப வேண்டும், இரண்டு சைல்ட்மைண்டர் பெயர் கையில் இருக்கிறது, எதைப் பார்த்து முடிவு செய்வது என்று கேட்கிறார்.

பள்ளி விடுமுறைக்கு முன் ஒரு நாள், சாயங்காலம் மூன்றரைக்குப் போங்கள். காலை பத்து மணிக்கு எல்லார் வீடும் அழகாக இருக்கும். மூன்றரைக்குப் பள்ளிப் பிள்ளைகள் பையை வீசிக்கொண்டு வரும், கைக்குழந்தை தூக்கத்திலிருந்து எழுந்து அழும், ஒருத்தன் ஷூவைக் கழற்ற மாட்டேன் என்பான். அந்த நேரத்தில் அந்த அம்மாவின் குரல் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். வேறு எதுவும் பார்க்க வேண்டாம்.

சரி, இன்னும் சிலதும் பாருங்கள். பிள்ளை எங்கே தூங்குவான், தூங்கும்போது யார் எட்டிப் பார்ப்பார். திராட்சையை எப்படி நறுக்குவீர்கள் என்று கேளுங்கள். நீளவாக்கில் நாலாக என்று பதில் வர வேண்டும். செப்டம்பரிலிருந்து சாப்பாட்டு நேரப் பாதுகாப்பு விதிகள் இன்னும் கடுமையாகின்றன, முதலுதவிச் சான்றிதழ் உள்ளவர் அதே அறையில் இருந்தாக வேண்டும்.

கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் என் பிள்ளைக்கு என்ன வழி?" இதுதான் எங்கள் பலவீனம், மறைத்துப் பயனில்லை. நான் படுத்தால் கடை அடைப்பு. நர்சரியில் ஒருவர் படுத்தால் இன்னொருவர் வருவார். அக்கம்பக்கத்து சைல்ட்மைண்டரோடு ஏற்பாடு இருக்கிறது என்று சொன்னால் நல்லது, "நான் படுக்கவே மாட்டேன்" என்று சொன்னால் வேறு வீடு பாருங்கள்.

தமிழில் பேசுவார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வீட்டு மொழியைப் பிள்ளை பயன்படுத்த வாய்ப்புத் தர வேண்டும் என்பது சட்டகத்திலேயே இருக்கிறது, அதோடு ஆங்கிலமும் நன்றாக வர வேண்டும். என்னிடம் ஒரு அப்பா "தமிழே வேண்டாம்" என்றார், இன்னொருவர் "தமிழ் மட்டும்" என்றார். இரண்டு பிள்ளைகளும் எங்கள் தெருப் போலந்துக்காரப் பாட்டியிடமிருந்து "தோப்ஷே" (நல்லது, சரி) கற்றுக்கொண்டு அதைத்தான் நாள் முழுக்கச் சொல்கின்றன.

24 ஆகஸ்ட் 2025

தம்பி, இடம் உறுதியாகிவிட்டது என்று எழுதியதில் சந்தோஷம். கோட், அதாவது அரசு வலைத்தளத்தில் விண்ணப்பித்தால் தரும் தகுதி எண், வாங்கிவிட்டீர்களா? 31 ஆகஸ்ட்தான் கடைசி. ஒன்றாம் தேதி வாங்கினால் ஜனவரி வரை காத்திருக்க வேண்டும், எந்த சைல்ட்மைண்டராலும் மாற்ற முடியாது. அந்த அம்மாவிடம் கோட், பிறந்த தேதி, உங்கள் தேசியக் காப்பீட்டு எண் மூன்றையும் கொடுங்கள், அவர் போர்ட்டலில் சரிபார்ப்பார். 30 மணிக்கு மேல் போகிற நேரத்துக்கு டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேர் கணக்கிலிருந்து கட்டுங்கள். நீங்கள் எட்டு பவுண்டு போட்டால் அரசு இரண்டு போடும், வருடத்துக்கு ஒரு பிள்ளைக்கு 2,000 பவுண்டு வரை.

28 செப்டம்பர் 2025

செட்டில் ஆக மூன்று வாரம் பிடித்ததாம், மனைவிதான் அதிகம் அழுதாராம், பையன் இப்போது காலையில் அந்த அம்மாவின் நாயைத் தேடுகிறானாம். நாய் இருப்பதை ஏன் முன்பே சொல்லவில்லை தம்பி, அலர்ஜி பற்றி ஒரு பத்தி எழுதியிருப்பேன்.

என் பக்கம்: நர்ஸ் வீட்டுப் பிள்ளைக்கு 30 மணி ஆரம்பித்துவிட்டது. ஒரு பையனுக்கு வரவில்லை. அவன் அப்பா கோட்டை மறுஉறுதி செய்ய மறந்துவிட்டார், மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டியது. மெயில் ஸ்பாமில் கிடந்ததாம். இருந்த 15 மணி சலுகைக் காலத்தில் ஓடுகிறது, புதிய 30 அடுத்த டேர்ம்தான். போன் காலண்டரில் இப்போதே போட்டு வையுங்கள், கணவன் மனைவி இருவர் போனிலும்.

ஜனவரிக்கு வேண்டுபவர்கள் 31 டிசம்பருக்குள் கோட் வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் இடம் கேட்டுத் தனியாக எழுதுபவர்களுக்கு: மூன்றும் நிரம்பியிருக்கிறது, அடுத்த வருடம் ஒருத்தி பள்ளியின் ரிசப்ஷன் வகுப்புக்குப் போகும் வரை இல்லை.